வேலூருக்கு வந்தவர்களுக்கு ஊர் எப்படிப் பழகும்?

வேலூர் காந்தி ரோட்டிலும் பாபு ராவ் தெருவிலும் கடைப் பலகைகளில் தமிழுக்குப் பக்கத்திலேயே வங்காள எழுத்தைப் பார்க்கலாம். சி.எம்.சி. மருத்துவமனைக்கு வருகிறவர்களுக்காக எழுதி வைத்தது. 1900-இல் ஐடா ஸ்கடர் ஒரே ஒரு கட்டிலோடு தொடங்கிய மருத்துவமனைக்கு இன்று கொல்கத்தா, அசாம், திரிபுரா, ஜார்க்கண்ட் என்று எங்கிருந்தெல்லாமோ குடும்பம் குடும்பமாக வருகிறார்கள். வங்கதேசத்திலிருந்தும் பல ஆண்டுகளாக வருகிறார்கள். 2024 ஆகஸ்டுக்குப் பிறகு விசா கெடுபிடியானதில் அந்தக் கூட்டம் குறைந்துவிட்டது.

வந்தவர்கள் இரண்டே நாளில் திரும்பிவிட முடியாது. முதல் நாள் டாக்டர் பார்த்ததும் ரத்தப் பரிசோதனை, ஸ்கேன் என்று எழுதிக்கொடுப்பார். ரிப்போர்ட் வர சில நாள், அதைக் காட்ட இன்னொரு தேதி, ஆபரேஷன் என்றால் அதற்கொரு தேதி. புற்றுநோய் போன்றவற்றுக்குச் சிகிச்சை மாதக்கணக்கில் நீளும். நோயாளி ரூமில் படுத்திருப்பார். துணைக்கு வந்த மனைவியோ மகனோ ரூம், ஆஸ்பத்திரி, மருந்துக்கடை என்று இந்த மூன்றுக்குள்ளேயே சுற்றிக்கொண்டிருப்பார். மொழி தெரியாத ஊர், மனம்விட்டுப் பேச ஆளில்லை, கொண்டுவந்த பணமும் நாளுக்கு நாள் கரைகிறது. நோயாளியைப் பற்றிக் கேட்க நூறு பேர் உண்டு. துணைக்கு வந்தவரிடம் 'நீங்கள் சாப்பிட்டீர்களா' என்று கேட்க யாரும் இருப்பதில்லை. என் கவலையெல்லாம் அவரைப் பற்றித்தான்.

அவருக்கு முதல் பழக்கம் சமையலில்தான் தொடங்கும். ஆஸ்பத்திரியைச் சுற்றியுள்ள லாட்ஜுகள் பலவற்றில் சமைத்துக்கொள்ள வசதி உண்டு. அடுப்பும் பாத்திரமும் வாடகைக்குக் கிடைக்கும். கடுகு எண்ணெய், பொரி, ரோகு, கட்லா என்று வங்காளச் சமையலுக்கு வேண்டியதெல்லாம் அந்தத் தெருக்களிலேயே கிடைக்கும். சாயங்காலம் மாடி வராந்தாவில் மீன் வறுக்கும் வாசனை வந்தால் பக்கத்து ரூம்காரர் எட்டிப் பார்ப்பார். எந்த ஊர், யாருக்கு உடம்பு சரியில்லை, எந்த டாக்டர் என்று பேச்சு தொடங்கிவிடும். ஏற்கெனவே மூன்று வாரம் இருந்தவர் நேற்று வந்தவருக்கு வழி சொல்வார்: டோக்கனுக்கு எத்தனை மணிக்குப் போகவேண்டும், எந்தக் கடையில் காய் விலை குறைவு, எந்த ஆட்டோக்காரர் நியாயமாகக் கேட்பார். இந்தத் தகவல் எந்த அறிவிப்புப் பலகையிலும் இருக்காது.

புதிதாக வருகிறவருக்கு நான் சொல்வது இதுதான். டீக்கடையோ காய்கறிக் கடையோ, ஒரே கடைக்கு ஒரே நேரத்தில் தினமும் போங்கள். நாலைந்து நாளில் கடைக்காரருக்கு உங்கள் முகம் பிடிபட்டுவிடும். ஒருநாள் வராவிட்டால் 'நேற்று ஏன் காணோம்' என்று அவரே கேட்பார். அண்ணா, அக்கா என்று இரண்டு சொல் தெரிந்தால் இந்த ஊரில் பாதி வேலை நடக்கும்.

அடுத்தது, அந்த மூன்று இடங்களைத் தாண்டி வெளியே வருவது. ரிப்போர்ட்டுக்குக் காத்திருக்கும் ஒரு நாளில், சாயங்காலமாகக் கோட்டைக்குப் போகலாம். நடந்தே போய்விடலாம், நுழைவுக் கட்டணமும் கிடையாது. அகழி நீருக்கு மேலே கருங்கல் மதில். உள்ளே ஜலகண்டேஸ்வரர் கோயில், மசூதி, 1846-இல் கட்டிய தேவாலயம் மூன்றும் உண்டு. பல காலம் பூசையில்லாமல் கிடந்த கோயிலில் 1981-இல்தான் மீண்டும் வழிபாடு தொடங்கியது.

கொல்கத்தாக்காரர் யாராவது உங்களோடு வந்தால் இந்தக் கதையைக் கட்டாயம் சொல்லுங்கள். 1799-இல் திப்பு சுல்தான் போரில் இறந்ததும் அவருடைய பிள்ளைகளையும் குடும்பத்தையும் ஆங்கிலேயர் இந்தக் கோட்டையில்தான் கொண்டுவந்து வைத்தார்கள். 1806 ஜூலை 10 அதிகாலையில் இங்கே சிப்பாய்கள் கிளர்ந்தெழுந்தார்கள். அதை அடக்கிய பிறகு, இனி இவர்கள் இங்கே இருப்பது ஆபத்து என்று அந்தக் குடும்பத்தை அனுப்பிய இடம் கல்கத்தா. அங்கே தர்மதலாவில் இருக்கும் திப்பு சுல்தான் மசூதியைக் கட்டியவர் அப்படிப் போன இளைய மகன் குலாம் முகமதுதான். தினமும் பஸ்ஸில் கடந்துபோன மசூதிக்கும் இந்த மதிலுக்கும் உறவு இருக்கிறது என்று தெரிந்ததும் அவர் முகம் மாறுவதைப் பார்க்கவேண்டும். அதன் பிறகு இந்த ஊர் அவருக்கு ஆஸ்பத்திரி ஊராக மட்டும் இருக்காது.

கண்டியின் கடைசி மன்னர் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கனும் இந்தக் கோட்டையில்தான் கைதியாக இருந்து 1832-இல் இறந்தார். பாலாற்றுப் பக்கம் அவருடைய முத்துமண்டபம் இருக்கிறது.

ஒரு முழு நாள் கிடைத்தால் காட்பாடியில் ரயிலேறி ஆம்பூர் போய்வரலாம். லத்தேரி, குடியாத்தம், மேல்பட்டி தாண்டி ஏறக்குறைய ஒரு மணி நேரத்தில் வந்துவிடும். வேலூரில் பேச்சுக்குத் தடுமாறும் வங்காளிக்கும் அசாமியருக்கும் ஆம்பூரில் நாக்கு அவிழும். அங்கே பல வீடுகளில் உருதுதான் பேச்சு. ஓரளவு இந்தி தெரிந்தால் போதும், கடையில் பேரம் பேசலாம், வழி கேட்கலாம், குசலம் விசாரிக்கலாம். வேலை நாட்களில் காலையில் ஷூ கம்பெனி பஸ்கள் சுற்றுக் கிராமத்துப் பெண்களை ஏற்றிக்கொண்டு வரிசையாக வரும். ஐரோப்பாவுக்கும் அமெரிக்காவுக்கும் போகும் ஷூக்களைத் தைக்கிற கைகள் அவை. மதியம் சீரகச் சம்பா அரிசி பிரியாணி, கூடவே கத்திரிக்காய்த் தொக்கும் தயிர்ப் பச்சடியும். உங்களுக்குத் தெரிந்த வெளியூர்க் குடும்பம் ஏதாவது இருந்தால் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர்களைக் கூட்டிக்கொண்டு போங்கள். அன்றைக்குப் புறநோயாளிப் பிரிவுக்கு விடுமுறை.

அதே வங்காள மொழி பேசும் இன்னொரு கூட்டமும் இந்தப் பாலாற்றங்கரையில் உண்டு. தோல் தொழிற்சாலைகளில் வேலை செய்ய வந்தவர்கள். 2015 ஜனவரி 31 அன்று ராணிப்பேட்டை தொழிற்பேட்டையில் தோல் கழிவுத் தொட்டியின் சுவர் இடிந்து, பக்கத்துத் தொழிற்சாலையில் தூங்கிக்கொண்டிருந்த 10 பேர் இறந்துபோனார்கள். பெரும்பாலோர் மேற்கு வங்கத்துக்காரர்கள். வேலை செய்யும் இடத்திலேயே சமைத்து, அங்கேயே படுத்து எழுகிறவருக்குப் பக்கத்து ரூம்காரர் கிடையாது, தினமும் போகும் டீக்கடை கிடையாது. ஊருக்குள் அவரைத் தெரிந்தவரும் கிடையாது. தனி வீடெடுத்துத் தங்க முடிந்தால்தான் அவருக்கு ஊர் பழகும். அதற்கு நாம் வாடகைக்கு வீடு தரவேண்டும். 'வடக்கத்தி ஆட்களுக்கு வீடில்லை' என்று சொல்கிற பழக்கத்தை முதலில் விடவேண்டும்.

ஆஸ்பத்திரிக்கு வருகிறவர்களுக்கு இன்னும் ஒன்றிரண்டு விஷயம். லாட்ஜ்காரர் வெளிநாட்டவரின் பாஸ்போர்ட், விசா விவரத்தைக் குடியேற்றத் துறைக்கு 24 மணி நேரத்துக்குள் அனுப்பவேண்டும். நகல் கேட்டால் பயப்படவேண்டாம் என்று புதியவருக்குச் சொல்லுங்கள். ஊருக்குக் கிளம்பும்போது பக்கத்து ரூம்காரர், கடைக்காரர், ஆட்டோக்காரர் எண்களைக் குறித்துக்கொள்ளவும் சொல்லுங்கள். ஆறு மாதத்தில் ரிவ்யூவுக்கு வரச் சொல்லியிருப்பார்கள். அப்போது ரயிலேறும் முன்பே ஒரு போன் போட்டு அதே ரூமைக் கேட்டு வாங்கலாம்.