மோதா அதிர்ச்சி

சென்ற தவணையில் ஒருநாள், உயர்தர வகுப்பு மாணவன் ஒருவன் என்னிடம் வந்து, "ஐயா, காற்றில்லாத விண்வெளியிலும் அதிர்ச்சி அலை எழும் என்று படித்தேன். அஃது எவ்வாறு?" என வினவினான். யான் தமிழ் கற்பிப்பவன். பௌதிகவியல் என் துறையன்று. ஆயினும், அதிர்ச்சி அலை சம்பூர் மக்களுக்குப் புதிதன்று. 2006ஆம் ஆண்டில் எறிகணைகள் வெடித்தபோது கதவையும் நெஞ்சையும் ஒருங்கே அறைந்தது அதுவே. ஊரைவிட்டுப் பெயர்ந்து, பத்தாண்டளவில் மீண்டவர்கள் இன்றும் அதனை மறந்தாரில்லை. அது காற்றுத் தாங்கிவந்த அடி. காற்றில்லாவிடத்து அடிப்பது யாது? விடை தேடிக் கற்றதை ஈண்டுப் பகிர்கின்றேன்.

கொட்டியாரக் குடாவில் விரையும் இயந்திரப் படகைக் காண்க. நீரலையின் வேகத்தினும் படகின் வேகம் மிகுதலின், விலக இயலாத நீர் அணியத்தின் முன்னே குவிகின்றது. ஒலியினும் விரைந்து செல்லும் பொருளின் முன் காற்றும் அவ்வாறே திடீரென நெருங்கிச் சூடேறுகின்றது. அதுவே அதிர்ச்சி அலை. அங்கே மூலக்கூறுகள் ஒன்றோடொன்று மோதியே அவ்வடியைக் கடத்துகின்றன.

ஞாயிற்றிலிருந்து வீசுவதோ நாம் அறிந்த காற்றன்று. இலத்திரன்களும் அயன்களும் பிரிந்தோடும் பிளாஸ்மா. புவிக்கு அண்மையில், ஒரு கன சென்ரிமீற்றரில் அயன்கள் ஏறத்தாழ 5 மட்டுமே உள. ஒன்று மற்றொன்றை மோதுதற்கு, ஞாயிற்றுக்கும் புவிக்கும் இடைப்பட்ட தூரமளவு செல்ல நேரும். எனினும், புவியின் காந்தப்புலத்தை அஃது எதிர்கொள்ளுமிடத்தில், படகின் முன்னெழும் அலைபோன்ற அதிர்ச்சி நிலைத்து நிற்கின்றது. 1963இல் ஏவப்பெற்ற அமெரிக்கச் செயற்கைக்கோள் ஒன்று அதனை உறுதிசெய்தது.

இதனை ஆய்வுகூடத்திலும் ஆக்கிக் காண்கின்றனர். இலண்டன் இம்பீரியல் கல்லூரியின் 'மாக்பை' என்னும் பொறி, நுண்ணிய உலோகக் கம்பிகளினூடே மின்னோட்டத்தைச் செலுத்தி, ஏறத்தாழ ஒரு செக்கனின் நாற்பது இலட்சத்திலொரு பங்கு நேரத்தில் 14 இலட்சம் அம்பியருக்கு உயர்த்துகின்றது. கம்பிகளிலிருந்து எழும் பிளாஸ்மா, காந்தப்புலத்தையும் உடன்கொண்டு பாய்கின்றது. வழியில் ஒரு தடையை நிறுத்த, அதன்முன் அதிர்ச்சி எழுகின்றது. லேசர் ஒளியால் அதனைப் படம்பிடிக்கின்றனர்.

அமெரிக்காவின் ரோச்செஸ்டர் லேசர் நிலையத்திலோ, காந்தமூட்டிய ஐதான பிளாஸ்மாவினுள் மற்றொரு பிளாஸ்மாவை லேசரால் விரைந்து பாய்ச்சினர். துணிக்கைகள் மோதாமலே அதிர்ச்சி தோன்றி வளர்ந்தமையை 2017இல் வெளியிட்டனர்.

மாணவனின் வினாவுக்கு விடை இதுவே: மின்னேற்றமுடைய துணிக்கையைக் காந்தப்புலம் நேரே செல்லவிடாது வளைக்கும். நெருங்கி இறுகிய புலம், பின்வருவனவற்றைத் திருப்பி வேகந் தளர்த்தும். மூலக்கூற்று மோதலின் தொழிலை அங்கே புலமே செய்கின்றது.

இதற்கு ஒரு பெயர் வேண்டி, 'மோதலில் அதிர்ச்சி' எனக் கரும்பலகையில் எழுதினேன். மோதல் இல்லாத அதிர்ச்சி என்பது என் கருத்து. "ஐயா, மோதலின்கண் எழும் அதிர்ச்சி என்றன்றோ பொருள்படும்?" என்றான் அம்மாணவன். கூற வந்ததற்கு நேர்மாறான பொருள்! நாணத்தோடும் மகிழ்வோடும் அழித்து, 'மோதா அதிர்ச்சி' என்று எழுதினேன். பௌதிகவியல் கற்பவன் தமிழ்ப் பண்டிதனைத் திருத்திய அந்நாளை யான் மறவேன்.