உங்களுக்குத் தெரியுமா? அரட்டையோடு 30 கிலோமீட்டர்

★ மாரத்தானுக்குத் தயாராகிறவர்கள் வாரத்தில் ஒரு நாளை 'லாங் ரன்'னுக்கென்றே ஒதுக்கிவிடுவார்கள், பெரும்பாலும் ஞாயிறு. 25, 30 கிலோமீட்டர் என்று நீளும் அந்த ஓட்டத்தை வேண்டுமென்றே மெதுவாக ஓடுவார்கள். பக்கத்தில் வருகிறவரிடம் முழு வாக்கியமாகப் பேச முடிகிறதா என்பதே வேகத்துக்கு அளவு. கேட்டதற்கு 'ம்', 'ஆமா' என்று மட்டும் பதில் வந்தால் வேகம் கூடிவிட்டது என்று பொருள். தனியாக ஓடும்போது இந்தச் சோதனை அவ்வளவு இயல்பாக அமையாது.

★ மெதுவாக ஓடுவதற்குப் பின்னால் ஒரு கணக்கு இருக்கிறது. ஒரு கிலோமீட்டர் ஓட, உடல் எடையில் கிலோவுக்குச் சுமார் 1 கலோரி செலவாகும். 60 கிலோ எடையுள்ளவர் மாரத்தானின் 42.195 கிலோமீட்டரை முடிக்க 2,500 கலோரி வேண்டும். தசையிலும் கல்லீரலிலும் இருக்கும் சேமிப்புச் சர்க்கரையான கிளைகோஜன் தருவது ஏறக்குறைய 2,000 கலோரிதான். வேகம் கூடக்கூட அந்தக் கையிருப்பு சீக்கிரம் கரையும். நிதானமாக, நெடுநேரம் ஓடிப் பழகிய உடம்பு கொழுப்பையும் கூடுதலாக எரிக்கக் கற்றுக்கொள்கிறது. கற்றுக்கொள்ளாத உடம்பு 30 கிலோமீட்டரைத் தாண்டியதும் மக்கர் செய்யும்.

★ நியூசிலாந்தின் ஆர்தர் லிடியார்ட் செருப்புத் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர். நீண்ட ஓட்டப் பயிற்சி முறையை முதலில் தன் உடம்பிலேயே சோதித்துப் பார்த்துவிட்டு, ஆக்லாந்து இளைஞர்கள் சிலருக்குச் சொல்லிக்கொடுத்தார். ஞாயிறுதோறும் அவர்கள் ஓடியது, நகருக்கு மேற்கே வைட்டாகெரே மலைத்தொடரில் வையாட்டருவா வழியாகச் சுற்றிவரும் 22 மைல், அதாவது சுமார் 35 கிலோமீட்டர். மாரத்தான் ஓடும் பாரி மகீ, 5,000 மீட்டர் ஓடும் மர்ரே ஹால்பெர்க், மைதானத்தை இரண்டே சுற்று சுற்றினால் போட்டி முடிந்துவிடுகிற 800 மீட்டர்காரர் பீட்டர் ஸ்னெல், எல்லாருக்கும் அதே மலை, அதே ஏற்றம். 800 மீட்டருக்கு 35 கிலோமீட்டர் எதற்கு என்று யாருக்கும் தோன்றும். பதில் 1960 ரோம் ஒலிம்பிக்கில் கிடைத்தது. அங்கே ஸ்னெல்லும் ஹால்பெர்க்கும் ஒரே நாளில், ஒரு மணி நேரத்துக்குள், ஆளுக்கொரு தங்கம் வாங்கினார்கள். மகீக்கு மாரத்தானில் வெண்கலம். அபெபே பிகிலா வெறுங்காலோடு ஓடித் தங்கம் வென்றாரே, அதே மாரத்தான்தான்.

★ அமெரிக்கப் பயிற்சியாளர் பில் பவர்மன் 1962-இல் நியூசிலாந்து போனபோது லிடியார்ட் அவரை ஒரு குழுவோட்டத்துக்கு அழைத்துப் போனார். இதய நோயிலிருந்து மீண்ட, எழுபதைக் கடந்த பெரியவர் ஒருவர் பவர்மனைவிடச் சுலபமாக ஓடினார். ஊர் திரும்பிய பவர்மன் பொதுமக்களுக்கு ஜாகிங் வகுப்பு தொடங்கினார், 1967-இல் அதைப் பற்றி ஒரு புத்தகமும் எழுதினார். பின்னாளில் நைக்கி என்று பெயர் பெற்ற நிறுவனத்தைத் தொடங்கிய இருவரில் ஒருவரும் அவர்தான்!

★ எத்தியோப்பியாவின் அடிஸ் அபாபாவுக்கு மேலே எண்டோட்டோ மலை. சுமார் 3,000 மீட்டர் உயரம். மலை முழுக்க யூகலிப்டஸ். விறகுத் தட்டுப்பாட்டைப் போக்க இரண்டாம் மெனலிக் மன்னர் காலத்தில் கொண்டுவரப்பட்ட ஆஸ்திரேலிய மரம். அந்தக் காட்டில் ஓட்டக்காரர்கள் ஒற்றை வரிசையில் ஓடுகிறார்கள். முன்னால் போகிறவர் நேர்பாதையை விட்டு மரங்களுக்கிடையே வளைந்து நெளிந்து போவார். பின்னால் வருகிறவர்களின் கண் எல்லாம் முன்னவரின் குதிகாலில். வேர், கல், பள்ளம் எதையும் தனித்தனியே பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம், அவர் கால் வைத்த இடத்தில் வைத்தால் போதும். தனியாக ஓடுவதை அங்கே பலரும் அவ்வளவாக மதிப்பதில்லை.

★ மாரத்தான் தூரத்தை 2 மணி நேரத்துக்குள் முதன்முதலாக ஓடிக் காட்டியவர் கென்யாவின் எலியுட் கிப்சோகே. 2019 அக்டோபர் 12, வியன்னா. 1 மணி 59 நிமிடம் 40 விநாடி. அவருக்காக முறை வைத்து முன்னும் பின்னும் ஓடியவர்கள் 41 பேர். இது போன்ற காரணங்களால் அது உலக சாதனைப் பட்டியலில் ஏறவில்லை. கப்டகாட் முகாமில் அவருடைய நீண்ட ஓட்டங்களும் செம்மண் பாதையில் கூட்டத்தோடுதான்.

★ 1938-இல் கோலாலம்பூரில் வெள்ளைக்காரர்கள் சிலர் தொடங்கிய 'ஹாஷ் ஹவுஸ் ஹாரியர்ஸ்' குழுவின் உத்தி சுவாரசியமானது. இருவர் முன்னே ஓடிக் காகிதத் துண்டுகளைத் தூவிப்போவார்கள், மற்றவர்கள் அதைத் தேடித் தொடர்வார்கள். நடுநடுவே எங்கும் போகாத பொய்ப்பாதைகளும் உண்டு. வேகக்காரர்கள் அதில் சிக்கி அலைந்து திரும்புவதற்குள் மெதுவாக வருகிறவர்கள் வந்து சேர்ந்துவிடுவார்கள். முடிவில் பீர். பீரை விட்டுவிட்டு உத்தியை மட்டும் மாரத்தான் குழுக்கள் எடுத்துக்கொள்ளலாம்.

★ ஏறுவதைவிட இறங்குவதுதான் தொடையைப் பதம் பார்க்கும். இறக்கத்தில் முன்தொடைத் தசை நீண்டுகொண்டே சுமை தாங்குவதால் நுண்ணிய சேதம் ஏற்படுகிறது. வலி உச்சத்துக்கு வருவது மறுநாளோ அதற்கடுத்த நாளோ. ஒருமுறை பழகிவிட்டால் சில வாரங்களுக்கு அதே இறக்கம் அவ்வளவாக வலிக்காது. முதல் பாதி பெரும்பாலும் இறக்கமாகவே போகும் பாஸ்டன் மாரத்தானுக்கு மலைப்பாதைப் பயிற்சி கைகொடுப்பது இதனால்தான்.

★ தண்ணீர் அளவுக்கு மீறினாலும் ஆபத்து. 2002 பாஸ்டன் மாரத்தானில் பரிசோதிக்கப்பட்ட 488 பேரில் 13 சதவீதத்தினருக்கு ரத்தத்தில் சோடியம் குறைந்திருந்தது. ஓடி முடித்தபோது எடை கூடியிருந்தவர்களுக்கே அபாயம் அதிகம். தாகம் எடுத்தால் குடியுங்கள், போட்டி போட்டுக்கொண்டு குடிக்க வேண்டாம்.

★ காட்டுப்பாதையில் கடைசியாக வருகிறவருக்குப் பின்னால் வழி தெரிந்த ஒருவர் வருவதும், பாதை பிரியும் இடத்திலெல்லாம் நின்று தலை எண்ணுவதும் நல்ல குழுவுக்கு அடையாளம். உங்கள் குழுவில் இந்த ஏற்பாடு இல்லையென்றால் அடுத்த ஞாயிறு கிளம்பும் முன்பே கேட்டு வாங்குங்கள். காட்டுக்குள் ஃபோன் சிக்னல் கிடைக்கும் என்று நம்பிப் போகாதீர்கள்.