மானிய அறிவிப்பு வந்த பிறகு தயாரானால் தாமதம்: அமெரிக்க ஊர்ப்புற இணையம் பற்றிச் சில குறிப்புகள்

அமெரிக்காவில் 2021 நவம்பர் 15 அன்று ஒரு பெரிய உள்கட்டமைப்புச் சட்டம் கையெழுத்தானது. ரோடு, பாலம், ரயில், குடிநீர் எல்லாம் அதில் அடக்கம். இணையத்துக்கென்று மட்டும் சுமார் 6,500 கோடி டாலர். அதிலும் பெரும்பங்கு, அதாவது 4,245 கோடி டாலர், ‘பீட்’ என்று சுருக்கமாக அழைக்கப்படும் ஒரே திட்டத்துக்குப் போனது. நல்ல இணையம் போய்ச் சேராத வீடுகளுக்கு இணைப்பு கொடுக்கிற நிறுவனங்களுக்கு மானியம் தருவதுதான் அந்தத் திட்டத்தின் வேலை.

பணம் வாஷிங்டனிலிருந்து நேராக நிறுவனத்துக்குப் போகாது. வணிகத் துறையின் கீழ் இருக்கும் என்.டி.ஐ.ஏ. என்ற அமைப்பு மாநிலங்களுக்குப் பிரித்துக் கொடுக்கும். மாநிலம் விண்ணப்பம் வாங்கி, யாருக்கு எந்தப் பகுதி என்று முடிவு செய்யும். 2023 ஜூன் 26 அன்று பங்கு அறிவித்தபோது டெக்சாஸுக்கு மட்டும் 330 கோடி டாலருக்கு மேல் கிடைத்தது. 100 கோடி டாலரைத் தாண்டிய மாநிலங்கள் 19.

இவ்வளவு பணம் இருக்கு, ஆனா யாருக்குப் போகும்? இந்தக் கேள்வியோடுதான் நான் இதைப் படிக்க ஆரம்பித்தேன். ஊர்ப்புறங்களில் தொலைபேசிக் கூட்டுறவுச் சங்கங்கள், மின் கூட்டுறவுச் சங்கங்கள், தானியக் குதிர் உச்சியில் ஆன்டெனா வைத்து வயர்லெஸ் இணையம் கொடுக்கும் சின்னக் குடும்ப நிறுவனங்கள் என்று பலர் இருக்கிறார்கள். எந்த வீடு எந்த மண் ரோட்டின் கடைசியில் இருக்கிறது என்பது அவர்களுக்கு மனப்பாடம். ஆனால் விண்ணப்பப் படிவம் அதைக் கேட்பதில்லை. தணிக்கை செய்த கணக்கு எங்கே, வங்கி உத்தரவாதம் எங்கே, பொறியாளர் கையெழுத்து எங்கே என்று கேட்கிறது. அறிவிப்பு வந்த பிறகு இதையெல்லாம் தேட ஆரம்பித்தால் நேரம் போதாது.

போனால் போகட்டும், அடுத்த மானியத்தில் பார்த்துக்கலாம் என்றும் இருக்க முடியாது. ஒரு வீட்டுக்கு ஒரு மானியம்தான். அந்த வீடு ஒருவர் பெயரில் எழுதப்பட்டுவிட்டால், அந்தப் பொறுப்பு அவரிடம் இருக்கும்வரை வேறு மத்திய அரசுப் பணம் பொதுவாக அந்தப் பக்கம் எட்டிப் பார்க்காது.

ஏன் இவ்வளவு காகிதம்?

இதற்கு ஒரு முன்கதை உண்டு. 2020 டிசம்பரில் எஃப்.சி.சி. என்கிற தொலைத்தொடர்பு ஆணையம் தலைகீழ் ஏலம் ஒன்றின் முடிவை அறிவித்தது. எவ்வளவு குறைந்த மானியத்துக்கு இணைப்பு தர முடியும் என்று நிறுவனங்கள் போட்டி போட்ட ஏலம் அது. பத்து வருஷத்தில் 920 கோடி டாலர், வென்றவர்கள் 180 பேர், சுமார் 52 லட்சம் வீடுகளும் கடைகளும். கேட்க நன்றாகத்தான் இருந்தது.

பிரச்சினை என்னவென்றால், ஏலம் முடிந்த பிறகுதான் முழு விவரமான சோதனை தொடங்கியது. 2022 ஆகஸ்டில், மிகப் பெரிய தொகைக்கு வென்ற எல்.டி.டி. பிராட்பேண்டின் விண்ணப்பத்தை ஆணையம் நிராகரித்தது. அதன் பங்கு சுமார் 130 கோடி டாலர். சுமார் 88.5 கோடி டாலருக்கு வென்ற ஸ்டார்லிங்கும் அதே நாளில் நிராகரிக்கப்பட்டது. இன்னும் பல நிறுவனங்கள் தங்கள் பகுதிகளைத் தாங்களே கைவிட்டன. ஏலத்துக்கும் நிராகரிப்புக்கும் இடையே ஒன்றரை வருஷத்துக்கு மேல் போய்விட்டது. அவ்வளவு காலமும் அந்த வீடுகளுக்கு ‘ஆள் வரப் போகிறார்’ என்று எழுதி வைத்திருந்தார்கள்.

அடுத்து வந்த பீட் திட்டம் சோதனையை முன்னால் கொண்டு வந்தது. முதலில் நிரூபி, பிறகு பணம். இந்தப் பின்னணி தெரிந்தால் காகிதத்தின் மேல் எரிச்சல் கொஞ்சம் குறையும்.

ஒன்று: வரைபடம்

திட்டத்தின் கணக்கில் இரண்டு வகை வீடுகள். பதிவிறக்கம் 25, பதிவேற்றம் 3 மெகாபிட் கூடக் கிடைக்காதவை ‘சேவை இல்லாதவை’. 100க்கு 20 கிடைக்காதவை ‘சேவை போதாதவை’. முதல் வகைக்கு முன்னுரிமை. எந்த வீடு எந்த வகை என்று சொல்வது எஃப்.சி.சி.யின் வரைபடம்.

பழைய வரைபடத்தில் ஒரு கோளாறு இருந்தது. மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்காக வகுத்த சிறு பகுதி ஒன்றில் ஒரே ஒரு வீட்டுக்கு இணைப்பு தர முடிந்தாலும், அந்தப் பகுதி முழுவதும் இணைப்பு உள்ளதாகக் கணக்கு. பல மைல் பரந்த பண்ணைப் பகுதிகளில் இது எப்படி இருக்கும் என்று யோசித்துப் பாருங்க. 2022 நவம்பரில் வந்த புதிய வரைபடம் கட்டடம் கட்டடமாகக் காட்டுகிறது. அதற்கான தகவலைத் தருவது நிறுவனங்களேதான், வருஷத்துக்கு இரண்டு முறை.

இங்கேதான் சின்ன நிறுவனங்கள் தங்களுக்குத் தாங்களே குழி வெட்டிக்கொள்ள வாய்ப்பு இருக்கு. கவரேஜ் பெரிதாகத் தெரியட்டும் என்று கொஞ்சம் தாராளமாகக் காட்டினால், அந்த வீடுகள் ‘சேவை உள்ளவை’ ஆகிவிடும், அங்கே மானியம் கேட்க முடியாது. சோம்பலில் குறைத்துக் காட்டினால், நீங்கள் ஏற்கெனவே சேவை தரும் தெருவுக்கே இன்னொருவர் அரசுப் பணத்தோடு வந்து நிற்பார்.

வரைபடத்தை எதிர்த்து முறையிட வழி உண்டு. ஆனால் பீட் திட்டத்தின் மாநில அளவிலான முறையீட்டைத் தனி மனிதர் தாக்கல் செய்ய முடியவில்லை. உள்ளாட்சி, லாப நோக்கற்ற அமைப்பு, இணைய நிறுவனம் ஆகிய மூன்று தரப்புக்குத்தான் அந்த உரிமை இருந்தது. வேகச் சோதனை முடிவு, ‘உங்கள் முகவரிக்கு இணைப்பு தர இயலாது’ என்று வந்த பதில், வாடிக்கையாளர் பில் எல்லாம் ஆதாரம். முறையீட்டுக் காலம் சில வாரங்கள்தான் இருந்தது. அதனால் முகவரி, தொழில்நுட்பம், தரும் வேகம், இணைப்பு கொடுத்த தேதி என்று ஒரு பட்டியல் எப்போதும் கையில் இருக்க வேண்டும்.

இரண்டு: பணம்

மானியம் என்றால் அரசு முதலில் பணம் தரும், நாம் வேலை செய்வோம் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். நடைமுறை தலைகீழ். முதலில் நீங்கள் செலவு செய்து வேலையைக் காட்ட வேண்டும், பிறகு திருப்பித் தருவார்கள்.

ஒரு கற்பனைக் கணக்கு போடுவோம். திட்டச் செலவு 40 லட்சம் டாலர் என்று வைத்துக்கொள்ளுங்க. செலவு மிக அதிகமான பகுதிகளைத் தவிர மற்ற இடங்களில், கால் பங்கு நிறுவனத்தின் கையிலிருந்து வர வேண்டும். அது 10 லட்சம். மானியம் 30 லட்சம். அந்த மானியத்தில் 25 சதவீதத்துக்கு வங்கியிடம் உத்தரவாதக் கடிதம் வாங்கித் தர வேண்டும் என்பது முதலில் வந்த விதி. நம்ம ஊர் கான்ட்ராக்டர்கள் ‘பேங்க் கேரண்டி’ என்பார்களே, கிட்டத்தட்ட அதுதான். ஏழரை லட்சம் டாலருக்கு அந்தக் கடிதம் தர வங்கி பெரும்பாலும் ஈடாகப் பணத்தையே கேட்கும். ஆக, முதல் மீட்டர் கேபிள் மண்ணுக்குள் போகும் முன்பே பதினேழரை லட்சம் முடங்கிவிடும். பில் போட்டுப் பணம் வரும்வரை சம்பளத்துக்கும் சாமானுக்கும் இன்னொரு தொகை வேண்டும்.

சின்னவர்கள் யாரும் உள்ளே வர முடியாது என்று பலத்த எதிர்ப்பு கிளம்பியது. 2023 நவம்பரில் என்.டி.ஐ.ஏ. இறங்கி வந்தது. வங்கிக்குப் பதில் கடன் சங்கம், உத்தரவாதக் கடிதத்துக்குப் பதில் பணிநிறைவுப் பத்திரம், ஆறு மாதத்துக்கு ஒருமுறையாவது பணம் திருப்பித் தரும் மாநிலமென்றால் 10 சதவீதம் போதும் என்றெல்லாம் மாற்று வழிகள் வந்தன. நம் கணக்கில் ஏழரை லட்சம் மூன்று லட்சமாகிவிடும். பெரிய நிம்மதிதான். ஆனால் இதில் எந்த வழி தனக்கு ஒத்துவரும் என்று சொல்ல, வங்கியோடும் காப்பீட்டு நிறுவனத்தோடும் முன்பே பேசியிருக்க வேண்டும்.

பலரும் மறக்கிற இன்னொன்று வரி. 2017 வரிச் சட்டத் திருத்தத்துக்குப் பிறகு, ஒரு கம்பெனி வாங்கும் அரசு மானியம் பொதுவாக வருமானமாகவே கணக்கில் வரும். மத்திய அரசின் கம்பெனி வரி 21 சதவீதம். தேய்மானக் கழிவு ஓரளவு ஈடுகட்டலாம். எந்த வருஷம் எவ்வளவு என்பதை, விண்ணப்பம் எழுதுபவருக்கு முன்னால் ஆடிட்டர் பார்க்க வேண்டும்.

மூன்று: வடிவமைப்பும் கம்பங்களும்

நெட்வொர்க் வடிவமைப்பு, செலவு, காலக்கெடு எல்லாவற்றுக்கும் உரிமம் பெற்ற பொறியாளர் சான்று வேண்டும். நாலு வருஷத்துக்குள் சேவை தொடங்கியாக வேண்டும்.

செலவில் பெரிய சந்தேகம் கேபிளின் விலையில் இல்லை, கம்பத்தில் இருக்கு. இன்னொருவரின் மின்கம்பத்தில் கேபிள் கட்ட அனுமதி வேண்டும். ஏற்கெனவே இருக்கும் கம்பிகளைத் தள்ளிக் கட்டணும், பழைய கம்பமென்றால் மாற்றணும். அந்தச் செலவு யார் தலையில் என்பதில் வருஷக்கணக்கில் சண்டை நடக்கும். கம்பத்துக்கான மத்திய விதிகள் தனியார் மின் நிறுவனங்களைக் கட்டுப்படுத்தும். கூட்டுறவுச் சங்கமோ நகராட்சியோ வைத்திருக்கும் கம்பங்களைக் கட்டுப்படுத்தாது. ஊர்ப்புறத்தில் பெரும்பாலும் இருப்பது கூட்டுறவுச் சங்கத்தின் கம்பம்தான்! ரயில் பாதையைக் கடக்கத் தனி அனுமதி. வட மாநிலங்களில் குளிர்காலத்தில் தரை உறைந்துவிடும், தோண்ட முடியாது. நாலு வருஷம் என்பது கையில் நாலு கோடைக்காலம், அவ்வளவுதான்.

தன் பகுதியில் கம்பங்கள் எத்தனை, யாருடையவை, எத்தனை மாற்ற வேண்டியவை என்று வண்டியில் போய் எண்ணி வைத்திருக்கும் நிறுவனம் சொல்லும் விலையை நம்பலாம். மற்றவர்கள் சொல்வது ஊகம்.

விதி மாறியது

2025 ஜனவரிக்குள் லூசியானா, டெலவேர், நெவாடா ஆகிய மாநிலங்கள் இறுதித் திட்டத்துக்கு ஒப்புதல்கூட வாங்கிவிட்டன. 2025 ஜூன் 6 அன்று ஆட்டமே மாறியது. புதிய நிர்வாகத்தின் கீழ் என்.டி.ஐ.ஏ. புதிய விதிகளை வெளியிட்டது. ஃபைபருக்கு இருந்த முன்னுரிமை போனது. தொழிலாளர், பருவநிலை தொடர்பான நிபந்தனைகள் பல நீங்கின. அதுவரை நடந்த தேர்வுகள் செல்லாது, ஒரு புதிய சுற்று நடத்தி 90 நாளில் முடிவைச் சமர்ப்பியுங்கள் என்று மாநிலங்களுக்கு உத்தரவு. இனி முதன்மையான அளவுகோல், யார் குறைந்த மானியம் கேட்கிறார் என்பது.

உரிமம் தேவைப்படாத அலைவரிசையில் சேவை தரும் வயர்லெஸ் நிறுவனங்களுக்கு இன்னொரு செய்தியும் இருந்தது. அவர்கள் ஏற்கெனவே நல்ல சேவை தரும் வீடுகளுக்கு மானியம் தேவையில்லை என்று அப்போது வாதிட முடிந்தது. ஆனால் மாநிலத்தின் அறிவிப்பு வந்த 7 நாளுக்குள் பதில் சொல்ல வேண்டியிருந்தது. ஏழு நாளில் யாரும் முகவரிப் பட்டியல் தயாரித்துவிட முடியாது. இருக்கிற பட்டியலை எடுத்து அனுப்பத்தான் முடியும்.

இங்கேதான் எனக்கு இந்த விஷயத்தின் மையம் புரிந்தது. பழைய விதிகளுக்கென்றே எழுதிய நூறு பக்க விளக்கங்கள் ஒரே நாளில் குப்பைக்குப் போயின. முகவரிப் பட்டியல், கம்பக் கணக்கு, வீட்டுக்கு வீடு செலவு, சுத்தமான கணக்குப் புத்தகம், வங்கியோடு இருக்கும் உறவு ஆகியவை அப்படியே பயன்பட்டன. விதியைப் பார்த்துத் தயாரித்தவை செத்தன, தன் நெட்வொர்க்கைப் பார்த்துத் தயாரித்தவை நின்றன. சின்ன நிறுவனங்களுக்கு உதவ வரும் ஆலோசகர்களிடம் நான் எதிர்பார்ப்பது இதைத்தான். விண்ணப்பம் எழுதித் தருவது இரண்டாவது வேலை. அந்த நிறுவனத்தின் தலைக்குள் இருக்கும் ஊரறிவைக் காகிதத்துக்குக் கொண்டு வருவது முதல் வேலை.

சரி, எங்கே தொடங்குவது?

காசு அதிகம் செலவாகாதவற்றில் தொடங்கலாம். அரசின் இணையதளத்தில் பதிவு செய்து நிறுவனத்துக்கான அடையாள எண் வாங்குவது (இதற்கே வாரக்கணக்கில் ஆகலாம்). வரைபடத்தில் தன் தகவல் சரியா என்று பார்ப்பது. அடுத்து, கணக்கைத் தணிக்கைக்குக் கொடுப்பது, வங்கி மேலாளரைச் சந்திப்பது. அதன் பிறகு கம்பங்களை எண்ணப் புறப்படலாம்.

கடைசியாக ஒரு எண்ணைக் குறித்து வைக்க வேண்டும்: ஒரு வீட்டுக்கு இவ்வளவுக்குக் கீழே போனால் நமக்குக் கட்டுப்படியாகாது என்ற எண். குறைந்த விலைக்கே வெற்றி என்றால் 2020 ஏலத்தின் ஆபத்தும் கூடவே திரும்பி வரும். இந்த மானியம் கட்டுமானத்துக்கு மட்டும். பனிப்புயலில் கேபிள் அறுந்தால் இழுத்துக் கட்ட, மைலுக்கு மூன்று வீடு தரும் மாதக் கட்டணம்தான் இருக்கு. அந்த எண்ணைத் தெரிந்துகொண்டு ஒரு பகுதிக்கு விண்ணப்பிக்காமல் விடுவதும் தயாரிப்புதான். வென்றுவிட்டுப் பாதியில் கைவிட்டால், ரோட்டின் கடைசியில் இருக்கும் அந்த வீடு இன்னும் சில வருஷம் காத்திருக்க வேண்டியிருக்கும்.