பாசிக்கு மருந்து எதற்கு?

செடி வைத்த மீன் தொட்டி இப்போது பல வீடுகளில் இருக்கிறது. இரண்டு மாதம் அழகாக இருக்கும். அப்புறம் இலையெல்லாம் பச்சைப் பொடியும், கறுப்பு முடி மாதிரியும் பாசி படிந்துவிடும். 'தூக்கி மொட்டை மாடியில போடு' என்று எங்கள் வீட்டிலும் பேச்சு எழுந்தது. ஆனால், வாதம் வந்து படுக்கையில் இருக்கும் என் மாமனாருக்கு, பகல் முழுக்க அந்தத் தொட்டிதான் துணை. எப்படி மனசு வரும்?

கடையில் ஒரு மருந்து பாட்டிலை நீட்டினார்கள். வேண்டாம் என்றுவிட்டேன். தாமிரம் கலந்த மருந்து, தொட்டியில் உள்ள நத்தையையும் இறாலையும் கொன்றுவிடும். பாசி வந்த காரணமோ அப்படியே இருக்கும்.

காரணம் இதுதான்: அனுபியாஸ், ஜாவா ஃபெர்ன் போன்ற செடிகள் ரொம்ப மெதுவாக வளரும். ஒரே இலை மாதக்கணக்கில் நிற்பதால், பாசிக்கு உட்காரத் திண்ணை கிடைத்த மாதிரி. இவை எடுத்துக் கொள்ளும் சத்தும் குறைவு. மிஞ்சுகிற வெளிச்சமும் சத்தும் பாசிக்குத் தீனி.

நான் செய்தவை:

* ஜன்னல் வெயில் படாத இடத்துக்குத் தொட்டியை மாற்றினேன். விளக்கு தினமும் 6 மணி நேரம்தான்.

* வேகமாக வளரும் வேலம்பாசியை நன்றாக அலசிப் போட்டேன். பேரில்தான் பாசி, இது செடி. சத்தையும் உறிஞ்சும், நிழலும் தரும். அந்த நிழலில் அனுபியாஸை வைத்தேன். அதன் தண்டை மணலில் புதைக்கக் கூடாது, அழுகிவிடும். கல்லில் நூலால் கட்டினால் போதும்.

* இரண்டு நிமிடத்தில் மீன் தின்று முடிக்கும் அளவே தீனி.

* வாரம் ஒரு முறை கால் பங்கு தண்ணீரை மாற்றுகிறேன். குழாய்த் தண்ணீர் என்றால் குளோரின் நீக்கும் சொட்டு மருந்து அவசியம். ஃபில்டர் பஞ்சைத் தொட்டித் தண்ணீரிலேயே அலசுகிறேன்.

* கறுப்புப் பாசி பிடித்த இலைகளை அடியோடு வெட்டிவிட்டேன்.

ஒன்றரை மாதத்தில் தொட்டி தெளிந்தது. 'செவப்பு மீனு குட்டி போட்டிருக்கும்மா' என்று மாமனார்தான் முதலில் சொன்னார்!

ஒரு வேண்டுகோள், சகோதரிகளே. வெட்டிய செடிகளைக் குளத்திலோ, வாய்க்காலிலோ போடாதீர்கள். அழகுக்காகக் கொண்டு வந்த ஆகாயத் தாமரை நம் ஏரிகளை மூடியதைப் பார்த்திருக்கிறோமே! வெயிலில் காய வைத்து ரோஜாச் செடிக்கு உரமாகப் போடுங்கள்.

— ஒரு வாசகி, மதுரை.