அணிலுக்கு எத்தனை கோடு?

புளியந்தோப்பில் இன்று தோப்பைக் காணோம், பெயர்தான் மிச்சம். ஆனால் அணில்கள் இருக்கின்றன. அவற்றின் முதுகில் எத்தனை கோடு என்று எண்ணிப் பார்த்ததுண்டா?

"மூன்று, இராமர் தடவியது" என்பார் பாட்டி. சென்னை அணிலுக்கு அது சரிதான். பழுப்பு முதுகில் வெளிர்நிறக் கோடுகள் மூன்று. டில்லிப் பக்கத்து அணிலுக்கோ ஐந்து! கூடுதலான இரண்டும் விலாப்புறத்தில் மங்கலாகத் தெரியும். (அங்குள்ள பாட்டிகள் என்ன சொல்வார்களோ!) மேற்குத் தொடர்ச்சி மலைக்காட்டில் மூன்று கோடுள்ள வேறோர் இனமும் உண்டு. ஆகவே கோட்டோடு ஊரையும் குறித்துக்கொள்ள வேண்டும்.

நம் அணிலின் விஞ்ஞானப் பெயர் ஃபுனாம்புலஸ் பால்மாரம். ஃபுனாம்புலஸ் என்றால் லத்தீனில் கயிற்றின்மேல் நடப்பவன். கேபிள் கம்பியில் அது ஓடுவதைப் பார்த்தால் பொருத்தம் புரியும்.

அணிலைத் தேடக் கண்ணைவிடக் காது உதவும். காலை வெயில் ஏறுமுன் மரத்தடியில் அசையாமல் நில்லுங்கள். 'கீச், கீச்' என்று விடாமல் கத்தி, ஒவ்வொரு கத்தலுக்கும் வாலைச் சொடுக்குகிறதா? பெரும்பாலும் அருகில் பூனையோ காகமோ இருக்கும். அது தலைகீழாக இறங்கும்போது பின்னங்காலைக் கவனியுங்கள். பாதம் பின்பக்கம் திரும்பி, நகங்கள் பட்டையைப் பற்றியிருக்கும். கிளையிடுக்கில் தேங்காய் நாரும் பஞ்சும் கந்தலும் உருண்டையாகத் தெரிந்தால், அது கூடாக இருக்கலாம், தொடாதீர்கள்.

2016 டிசம்பர் 12-ல் வர்தா புயல் சென்னையில் ஆயிரக்கணக்கான மரங்களைச் சாய்த்தது. உங்கள் தெருவில் தப்பிய மரம் எது? குறிப்பேட்டில் தேதி, நேரம், மரத்தின் பெயர், கோடுகளின் எண்ணிக்கை ஆகியவற்றை எழுதுங்கள். கிளை வெட்ட ஆட்கள் வந்தால், கூடு இருக்கும் கிளையை அவர்களுக்குக் காட்டுங்கள்.