ஒரு கட்டை எறக்கிக்கோ: வயசான பாட்டுக்காரர்களின் இரண்டாவது இன்னிங்ஸ்

இந்த எபிசோடை ஒரு சாவு வீட்டில் இருந்துதான் ஆரம்பிக்கணும். வேற வழியில்லை. வடசென்னையில் நல்ல பாட்டு கேக்கணும்னா பல சமயம் அங்கதான் போகணும்.

போன மாசம் ராயபுரத்தில், எங்க வீட்டுக்கு ரெண்டு தெரு தள்ளி, ஒரு பதினாறாம் நாள் காரியம். ராத்திரி 11 மணிக்கு மேல பந்தலில் கானா ஆரம்பிச்சது. ஒரு கீபோர்டு, ஒரு டோலக், எக்கோ ஏத்தி வெச்ச ஒரு மைக். சின்னப் பசங்க மூணு பேர் பாடி முடிச்ச பிறகு, ஓரமா சேரில் உட்கார்ந்திருந்த ஒரு பெரியவரைக் கூப்பிட்டாங்க. ஹார்பரில் லோடு வேலை பார்த்தவர், வயசு 60-க்கு மேல. கீபோர்டு பையன் வழக்கமான சுருதியில் ஆரம்பிச்சதும் கையைக் காட்டி நிறுத்தினார். "ஒரு கட்டை எறக்கிக்கோ கண்ணு, நைனாவால அவ்ளோ மேல வர முடியாது." அப்புறம் கூட்டத்தில் யாரையோ தேடி, இன்னொரு பெரியவரைக் கையைப் பிடிச்சு இழுத்துட்டு வந்தார். ரெண்டு பேரும் ஒரு காலத்தில் ஜோடியா பாடினவங்களாம். நடுவில் ஏதோ சண்டை, வருஷக்கணக்கா பேச்சுவார்த்தை இல்லை. அன்னைக்கு ராத்திரி சேர்ந்து பாடினாங்க. பழைய பாட்டு இல்லை. இறந்துபோனவரைப் பத்தி, அவர் ஓட்டின மீன்பாடி வண்டியைப் பத்தி, அங்கேயே கட்டின புதுப் பாட்டு.

நான் போன்ல 11 நிமிஷம் ரெக்கார்டு பண்ணினேன். அந்த ரெக்கார்டிங் என்ன ஆச்சுன்னு கடைசியில் சொல்றேன்.

இதே கதையை நாம வேற ஊரில், வேற பட்ஜெட்டில் பார்த்திருக்கோம். 2023 அக்டோபரில் ரோலிங் ஸ்டோன்ஸ் 'ஹாக்னி டைமண்ட்ஸ்' ஆல்பம் போட்டாங்க. சொந்தப் பாட்டு வெச்சு அவங்க ஆல்பம் போட்டு 18 வருஷம் ஆகியிருந்தது. மிக் ஜாகருக்கு வயசு 80. கீத் ரிச்சர்ட்ஸுக்கு 79. ஒரு பாட்டுக்கு பாஸ் கிடார் வாசிச்சது 81 வயசு பால் மெக்கார்ட்னி. இன்னொரு பாட்டுக்கு, 90-களிலேயே பேண்டை விட்டுப் போன பில் வைமன் வந்து வாசிச்சார். அதே பாட்டில் ட்ரம்ஸ் சார்லி வாட்ஸ். அவர் 2021-லயே இறந்துட்டார், முன்னாடியே பதிவு பண்ணி வெச்சிருந்ததை எடுத்துக்கிட்டாங்க. எல்லாத்தையும் கட்டி மேய்ச்ச புரொட்யூசர் ஆண்ட்ரூ வாட் பிறந்தது 1990-ல். பேரன் தாத்தாக்களை உட்கார வெச்சு வேலை வாங்கின மாதிரி. அந்த ஆல்பத்துக்கு அப்புறம் கிராமி விருதும் கிடைச்சது.

சரி, வயசானா குரலுக்கு என்னதான் ஆகுது? இதை ஒரு நிமிஷம் பார்த்துடலாம். நம்ம தொண்டையில் இருக்கிற குரல்நாண் ரெண்டும் தசையும் சவ்வும்தான். வயசாக ஆக அந்தத் தசை மெலியும். மெலிஞ்சா பாடும்போது ரெண்டும் முழுசா ஒட்டாது, நடுவில் காத்து கசியும். அதனாலதான் வயசானவங்க குரலில் ஒரு 'ஹ' சத்தம் கலந்தே வருது. நுரையீரலும் முன்ன மாதிரி காத்து பிடிக்காது. அப்போ நீளமான வரியை ஒரே மூச்சில் இழுக்க முடியாது, உச்ச ஸ்வரத்துக்கு நாணை இழுத்துப் பிடிக்கவும் தெம்பு இருக்காது. உலகத்தில் பெரிய பெரிய ராக் பேண்டெல்லாம் வயசான பிறகு கிடாரைக் கொஞ்சம் இறக்கி ட்யூன் பண்ணிக்கிறது இதனாலதான். ராயபுரம் பெரியவர் கேட்டதும் அதேதான். நம்ம ஊர் மேடைக் கணக்கில் ஒரு கட்டைங்கிறது கீபோர்டில் 'சி', ரெண்டு கட்டைன்னா 'டி'. கீபோர்டில் ஒரு பட்டனை அமுக்கினா வேலை முடிஞ்சது.

அதாவது குரல் பிரச்சினை ஒரு பட்டன் பிரச்சினை. வேற என்னதான் தடுக்குது?

இதுக்கு தமிழில் ஒரு பெரிய உதாரணம் இருக்கு. எம்.எஸ்.விஸ்வநாதனும் டி.கே.ராமமூர்த்தியும் 1952-ல் 'பணம்' படத்தில் இரட்டையர்களா ஆரம்பிச்சு, 1965-ல் 'ஆயிரத்தில் ஒருவன்' வரைக்கும் ஒண்ணா இருந்தாங்க. அப்புறம் பிரிஞ்சாங்க. முப்பது வருஷம் கழிச்சு, 1995-ல் 'எங்கிருந்தோ வந்தான்' படத்துக்கு மறுபடியும் சேர்ந்து இசையமைச்சாங்க. சத்யராஜ், ரோஜா நடிச்ச படம். ராமமூர்த்திக்கு அப்போ 70 தாண்டிருச்சு, எம்.எஸ்.வி.க்கு 65-க்கு மேல. நேர்மையா சொல்லுங்க, உங்களில் எத்தனை பேர் அந்தப் படத்தின் பாட்டு ஒண்ணையாவது கேட்டிருக்கீங்க? நானும் இந்த எபிசோடுக்காகத்தான் தேடிக் கேட்டேன். மோசமெல்லாம் இல்லை. ஆனா அந்த வருஷம் என்னன்னு பாருங்க. 'பம்பாய்' வந்த வருஷம், 'முத்து' வந்த வருஷம், ரெண்டும் ரஹ்மான். ஜனவரியிலேயே 'பாட்ஷா', அது தேவா. அந்தக் கூட்டத்துக்கு நடுவில் ரெண்டு பெரியவங்களைக் காது கொடுத்துக் கேக்க ஆள் இல்லை.

அதே எம்.எஸ்.வி., 2002-ல் 'கன்னத்தில் முத்தமிட்டால்' படத்தில் ரஹ்மான் இசையில் ஒரு பாட்டு பாடினார். ஊரை விட்டுக் கிளம்புற ஜனங்களோட பாட்டு. 73 வயசு, குரலில் நடுக்கம் அப்படியே தெரியும். அந்த நடுக்கத்தை ரஹ்மான் மறைக்கலை, அதுதான் வேணும்னு வெச்சிருக்கார். என் கணிப்பு, எம்.எஸ்.வி.யின் கடைசிக் கால வேலைகளில் நிலைச்சு நிக்கப்போறது இதுதான். 1995-ல் அவங்க பழைய இடத்தைப் பிடிக்கப் பார்த்தாங்க. 2002-ல் அவர் வயசுக்கே ஒரு இடம் கிடைச்சது.

'பாட்ஷா' போட்ட தேவா கதையும் இதே வட்டம்தான். கானாவை சினிமாவுக்குள் கொண்டுவந்ததில் பெரிய பங்கு அவருக்கு. காலம் போச்சு, வாய்ப்பு குறைஞ்சது. 2016-ல் 'தெறி' படத்துக்கு ஜி.வி.பிரகாஷ் கூப்பிட்டு கானா பாட வெச்சார். தேவாவுக்கு அப்போ 65. 'பாட்ஷா' வந்தப்போ ஜி.வி.பிரகாஷ் ஸ்கூல் பையன்.

இப்போ கவனிங்க. எம்.எஸ்.வி.யைத் தேடி ரஹ்மான் போக முடிஞ்சது, தேவாவைத் தேடி ஜி.வி.பிரகாஷ் போக முடிஞ்சது. ஏன்? அவங்க பேர் கேசட் கவரில் இருந்தது. பேர் இல்லாதவங்களை யார் தேடுவாங்க?

காசிமேடு, தண்டையார்பேட்டை, திருவொற்றியூர், எண்ணூர் வரைக்கும் இருக்கிற பழைய கானாக்காரங்க நிலைமை அதுதான். பகலில் ஹார்பர், மீன் ஏலம், ஃபேக்டரி ஷிஃப்ட், ஆட்டோ. ராத்திரியில் சாவு வீட்டில் மரண கானா. வாத்தியம் இல்லாத காலத்தில் பானை, தீப்பெட்டி, மேஜை, கையில் கிடைச்சது எல்லாம் தாளம். பாட்டு வாயிலேயே பிறந்து, இன்னொருத்தர் வாய்க்குப் போய், வரி மாறி, கடைசியில் யார் கட்டினாங்கன்னே தெரியாம நிக்கும். அதில் ஒருத்தரோ ரெண்டு பேரோ சினிமாவுக்குப் போவாங்க. 2006-ல் 'சித்திரம் பேசுதடி'யில் வாளமீன் கல்யாணப் பாட்டை கானா உலகநாதன் திரையிலேயே வந்து பாடினார், ஊரே ஆடுச்சு. அந்த ஒரு பாட்டை வெச்சு உலகமே அவரைத் தெரிஞ்சுக்கிச்சு. மத்தவங்க பந்தலோட முடிஞ்சாங்க.

2018 ஜனவரியில் கீழ்ப்பாக்கத்தில் 'தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்' மேடை ஏறினப்போ இதில் ஒரு கதவு திறந்தது. பா.ரஞ்சித்தும் டென்மாவும் சேர்ந்து உருவாக்கின குழு. கானா, ராக், ராப் எல்லாம் ஒரே மேடையில், டோலக் பக்கத்தில் எலெக்ட்ரிக் கிடார். பெரும்பாலும் இளம் ஆளுங்கதான். ஆனா கானாக்காரர்னா ஒரு பேண்டில் பேர் போட்டு நிக்கிற கலைஞர்னு அந்த மேடை காட்டுச்சு. அது சின்ன விஷயம் இல்லை.

பெரியவங்களுக்கு இது நடந்தா எப்படி இருக்கும்னு தெரிஞ்சுக்க, இன்னொரு துறைமுக ஊருக்குப் போகணும். கியூபாவின் ஹவானா, 1996 மார்ச். மாலி நாட்டு இசைக்காரங்களையும் கியூபாக்காரங்களையும் சேர்த்து ஒரு ஆல்பம் பண்ண ஸ்டுடியோ புக் பண்ணிட்டாங்க. மாலியில் இருந்து ஆள் வந்து சேர முடியலை. ஸ்டுடியோ சும்மா கிடக்குது. அப்போ ஹுவான் டி மார்கோஸ்ங்கிற உள்ளூர் இசைக்காரர் பழைய ஆட்களைத் தேடி வீடு வீடா போனார். இப்ராஹிம் ஃபெர்ரருக்கு 69 வயசு, பாட்டை விட்டுட்டு ஷூ பாலிஷ் போட்டுட்டு இருந்தார். ரூபன் கொன்சாலஸ் 76 வயசு பியானோக்காரர், வீட்டில் பியானோவே இல்லை. காம்பாய் செகுண்டோவுக்கு 88. சில நாளில் பதிவு முடிஞ்சது. அதுதான் 'புவெனா விஸ்டா சோஷியல் கிளப்'. 1998-ல் கிராமி வாங்குச்சு.

எல்லாரும் அந்தக் கதையில் அமெரிக்க கிடார்காரர் ரை கூடரைப் பத்திப் பேசுவாங்க. நான் டி மார்கோஸைப் பத்திப் பேச ஆசைப்படுறேன். எந்த வீட்டுக் கதவைத் தட்டணும்னு தெரிஞ்சவர் அவர்தான்.

இனி காசு விஷயம். இங்கதான் எனக்குக் கோவம் வருது. 2012-ல் நம்ம நாட்டுக் காப்புரிமைச் சட்டத்தைத் திருத்தினாங்க. ரெக்கார்டு பண்ணின பாட்டை வணிகத்துக்குப் பயன்படுத்தினா, பாடினவருக்கும் ராயல்டியில் பங்கு உண்டுன்னு வந்தது. அடுத்த வருஷமே பாடகர்களுக்குன்னு ஒரு ராயல்டி சங்கமும் பதிவாச்சு. நிறைய பேருக்குத் தெரியாதது என்னன்னா, மேடையில் நேரடியா பாடினாலும் பாடினவருக்கு உரிமை உண்டு. அந்த நிகழ்ச்சிக்கு 50 வருஷம் வரைக்கும், சொந்த உபயோகத்துக்கு இல்லாம, அவர் சம்மதம் கேக்காம ரெக்கார்டு பண்ணி வெளியிடக் கூடாது. சாவு வீட்டுப் பந்தல்னு சட்டத்தில் விலக்கு எதுவும் இல்லை. வரிகளை எழுதினவருக்கு வாழ்நாளும், அதுக்குப் பிறகு 60 வருஷமும் உரிமை. பதிவு பண்ணியே ஆகணும்னு கட்டாயமும் கிடையாது. ஆனா 'நான்தான் கட்டினேன்'னு நிரூபிக்க ஏதாவது வேணும் இல்லையா? தேதி போட்ட ஒரு நோட்டு, ஒரு ரெக்கார்டிங், ஏதாவது.

ஐரோப்பாவிலும் இந்தச் சண்டை நடந்தது. 60-களின் ரெக்கார்டிங்குகளுக்கு உரிமை முடியப்போற நேரம், 2011-ல் அந்தக் காலத்தை 50-ல் இருந்து 70 வருஷமா நீட்டினாங்க. கிளிஃப் ரிச்சர்ட் பேரால அதைக் கிண்டலா கூப்பிடுவாங்க (லக்னோவில் பிறந்தவர் சார் அவர், நம்ம ஆளு). பணக்காரப் பாடகருக்கு இன்னும் பணமான்னு திட்டினவங்க உண்டு, அதில் நியாயமும் உண்டு. ஆனா அதே சட்டத்தில் ஒரு நல்ல விஷயம். ஒரே தடவை கூலி வாங்கிட்டுப் போன வாத்தியக்காரங்களுக்காக, நீட்டின அந்தக் காலத்தில் வர்ற வருமானத்தில் 20 சதவீதம் கம்பெனி ஒதுக்கணும். ஒரே தடவை கூலிங்கிற வார்த்தையைக் கேட்டா நம்ம கானாக்காரங்க சிரிப்பாங்க. அவங்க வாழ்க்கையே அதுதான். ராத்திரி பாடினதுக்குக் காசு, சாப்பாடு, விடிஞ்சதும் டூட்டி.

இன்னொன்னு தோணுது. ஜாகர் 80 வயசிலும் காதல் பாட்டு பாடியாகணும், பாவம். கானாவுக்கு அந்தக் கஷ்டம் இல்லை. சாவைப் பத்தி, விட்டுப்போன கூட்டாளியைப் பத்தி 22 வயசுப் பையன் பாடினா நடிப்பு மாதிரி இருக்கு. மூச்சு வாங்கி, வரிக்கு நடுவில் நிறுத்தி ஒரு பெரியவர் பாடினா பந்தலே அமைதியாகுது. அன்னைக்கு அப்படித்தான் ஆச்சு. டோலக் பையன் வாசிக்கிறதையே ஒரு நிமிஷம் விட்டுட்டான்.

அந்த 11 நிமிஷ ரெக்கார்டிங். காலையில் எடிட் பண்ணி, தம்ப்நெயில் வரைக்கும் ரெடி பண்ணிட்டேன். 'ராயபுரம் தாத்தா மரண மாஸ்'னு தலைப்பு வேற. அப்லோடு பட்டன் மேல விரலை வெச்சப்போதான் தெரிஞ்சது, எனக்கு அவங்க பேரே தெரியாது. ரெண்டு பேர் பேரும். அப்லோடு பண்ணலை. காரியம் நடந்த வீட்டில் விசாரிச்சு, சாயங்காலம் பெரியவர் வீட்டுக்குப் போனேன். பாட்டைப் போட்டுக் காட்டினேன். முழுசா கேட்டார். "சுருதி இன்னும் அரைக் கட்டை எறக்கணும்டா"ன்னார். அப்புறம், "இத்த போட்டா எம் பேரு வருமா? அவன் பேரும் வரணும், சரியா?"

அடுத்த ஞாயித்துக்கிழமை ரெண்டு பேரையும் உட்கார வெச்சு மறுபடியும் ரெக்கார்டு பண்றோம். ஒரு வெள்ளைத்தாளில் யார் எந்த வரி கட்டினாங்கன்னு எழுதி, தேதி போட்டு, ரெண்டு பேரும் கையெழுத்து. சண்டைக்குக் காரணமே முன்னாடி ஒரு பாட்டு யாரோடதுங்கிறதுதானாம், அதனால அந்தத் தாளை முதல்ல எழுதிட்டுத்தான் மைக்கை ஆன் பண்ணப்போறோம். கீபோர்டு பையனும் வரேன்னு சொல்லியிருக்கான்.