ஓர் அறை, பல தளங்கள், ஒரே பதிவேடு

சேர்வராயன் மலையில் காப்பியும் மிளகும் பயிரிடும் அங்கத்தினர்களுள் சிலர், உரிய அனுமதி பெற்று, தம் வீட்டையொட்டிய ஓரிரு அறைகளைச் சுற்றுலாப் பயணிகளுக்கு நாள் வாடகைக்கு விட்டு வருகின்றனர். விளைச்சல் குன்றிய ஆண்டுகளில் இவ்வருவாய் குடும்பத்துக்குக் கைகொடுப்பதை நாம் நேரில் கண்டிருக்கிறோம். அறையை ஒரு முன்பதிவுத் தளத்தில் மட்டும் அறிவிப்பதா, பலவற்றில் அறிவிப்பதா என்று அவர்கள் நம்மை வினவுவதுண்டு. அதற்கு விடையாக இதனை எழுதுகிறோம்.

பல தளங்களில் அறிவிப்பதில் ஆதாயம் உண்டு. 1996 இல் நெதர்லாந்தில் தோன்றிய புக்கிங்.காம், 2000 இல் தொடங்கிய மேக்மைட்ரிப், 2008 இல் அமெரிக்காவில் தொடங்கிய ஏர்பிஎன்பி ஆகிய ஒவ்வொன்றையும் நாடுவோர் வெவ்வேறு வகையினர். நெசவாளர் சங்கம் தன் சேலைகளைப் பல ஊர் விற்பனை நிலையங்களுக்கு அனுப்புவதைப் போன்றதே இது. ஆயினும் ஒரு வேற்றுமை உண்டு. நிலையந்தோறும் வைக்கப்படும் சேலைகள் வேறு வேறு. அறையோ ஒன்று, அதன் சனிக்கிழமை இரவும் ஒன்றே. அந்த ஒரே இரவை மூன்று கடைகளில் விற்பனைக்கு வைத்திருக்கிறோம் என்பதை மறந்தால் இடர் நேரும்.

அவ்வாறே நேர்ந்தது. கோடை விழாச் சமயத்தில் ஓர் அங்கத்தினரின் ஒரே அறைக்குக் காலையில் ஒரு தளத்திலும் நண்பகலில் மற்றொரு தளத்திலும் முன்பதிவு ஆயிற்று. அவர் தோட்டத்தில் இருந்தமையால் எதையும் அறியவில்லை. இரவு 9 மணிக்கு இரண்டாவது குடும்பம் கைக்குழந்தையுடன் வாயிலில் வந்து நின்றது. ஊரில் வேறிடம் கிடைக்கவில்லை. அவர் தம் படுக்கையறையை ஒழித்துக் கொடுத்துத் தாம் திண்ணையில் படுத்தார், வாடகையும் வாங்கவில்லை. அவருடைய நற்குணத்தை நாம் போற்றுகிறோம். அவர் கணக்கு வைத்த முறையைப் போற்ற இயலாது.

இதனைத் தடுக்கும் வழி யாது? பெரும்பாலான தளங்கள், அறை நிரம்பிய நாட்களைக் காட்டும் நாட்காட்டிக்கு ஓர் இணைப்பு முகவரி தருகின்றன. ‘ஐகேல்’ எனப்படும் அம்முகவரியை மற்றத் தளத்தில் பதிந்துவிட்டால், இங்கு நிரம்பிய நாள் அங்கும் அடைபடும். இணைப்பு இருபுறமும் தேவை. ஆகவே இரண்டு தளங்களுக்கு இரண்டு பதிவுகள். மூன்று தளங்களுக்கு ஆறு பதிவுகள். ஒன்று விடுபட்டாலும் அவ்வழியே பிழை நுழையும்.

இம்முறைக்கு இரு குறைகள் உண்டு. முதலாவது, இது நாட்களை மட்டுமே தெரிவிக்கும். வாடகை மாற்றத்தைத் தெரிவிக்காது. இரண்டாவது, செய்தி உடனே சேராது. சில மணி நேரம் பிடிக்கக்கூடும். விழாக்காலத்தில் அச்சில மணி நேரமே போதும், ஓரிரவு இருமுறை விலைபோவதற்கு. எனவே ஓர் அறை மட்டும் உடையோர், வருகைக்கு ஒரு நாள் முன்னதாகவேனும் பதிவு செய்ய வேண்டும் என்று எல்லாத் தளங்களிலும் நிபந்தனை வைப்பது நலம். பல அறைகள் உடையோர், மாதச் சந்தா செலுத்திச் ‘சேனல் மேனேஜர்’ என்னும் மென்பொருளை அமர்த்தலாம். அது நாட்களையும் வாடகையையும் எல்லாத் தளங்களுக்கும் விரைவில் அறிவிக்கும். ஓர் அறைக்கு அச்செலவு பெரும்பாலும் கட்டுபடியாகாது.

இனிக் கமிஷன் கணக்கு. ஓரிரவுக்கு 2,000 ரூபாய் கையில் நிற்க வேண்டும். தளத்தின் கமிஷன் 15 சதவீதம் என்று கொள்வோம். பலர் 2,000 உடன் 300 கூட்டி 2,300 என்று விலை குறிக்கின்றனர். 2,300 இல் 15 சதவீதம் 345, எஞ்சுவது 1,955. இரவொன்றுக்கு 45 ரூபாய் நட்டம். 60 இரவுகளுக்கு 2,700 ரூபாய். சரியான முறை 2,000 ஐ 0.85 ஆல் வகுப்பது. விலை 2,353 ஆகும். கமிஷன் தளத்துக்குத் தளம் வேறுபடுவதால் இக்கணக்கைத் தனித்தனியே போட வேண்டும்.

உறவினர் தொலைபேசியில் அறை கேட்டால், முதலில் எல்லா நாட்காட்டிகளிலும் அந்நாளை அடைத்துவிட்டுப் பின்னரே ‘வாருங்கள்’ எனச் சொல்லுதல் வேண்டும். சொல்லிவிட்டு அடைக்க மறந்தவர் பலர். வீட்டிலும் ஒரு பதிவேடு வைத்து, நாள், பெயர், தளம், தொகை ஆகியவற்றை எழுதி, மாலைதோறும் நாட்காட்டிகளுடன் ஒப்பிடுக.

பதிவை நாமே ரத்து செய்தால் அபராதமும் வரும். ஏர்பிஎன்பி 2022 இல் வகுத்த விதிப்படி, வருகைக்கு 48 மணி நேரத்துக்குள் ரத்து செய்யும் வீட்டுக்காரர் பதிவுத் தொகையில் பாதியை இழக்க நேரும். ஆயினும் பெரிய இழப்பு அதுவன்று. நம் சொல்லை நம்பி மலையேறி வந்த குடும்பம் இருட்டில் நிற்பதே பெரிய இழப்பு. இருப்பில் இல்லாத சரக்குக்கு ரசீது எழுதலாகாது என்பது நம் சங்கங்களில் அனைவரும் அறிந்த விதி. அறைக்கும் அவ்விதியே பொருந்தும்.